சிலைத் திறப்பு

லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய பரணிதரனை அப்படியே தள்ளிக்கொண்டு போய், சங்கக் கட்டடத்தின் பின்னறையில் போட்டுப் பூட்டினார் சுபேதார் வேதகிரி. திருக்கழுக்குன்றம் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

“திறங்க சுபேதாரய்யா! நான் இன்னா திருடனா?”

“கத்தாத நைனா. மந்திரி வந்துட்டாரு. கார்கில் வீரன் சிலையைத் திறந்ததும் வுட்டுடறேன்.”

“நானும் கார்கில்லேர்ந்துதான வரேன்? ஓரமா நின்னுக்கறேனே.”

“உன்னப் பாத்தா விழாவே பேஜாராயிடும்.”

“எங்கம்மாகிட்டயாவது நான் வந்துட்டேன்னு சொல்லுங்க.”

“அது மேடையில குந்தி அழுதுகினு கீது. எல்லாம் முடியட்டும், நானே பக்குவமா சொல்றேன்.”

வெளியே மைக் முழங்கியது: “நம் மண்ணின் மைந்தன், அமரர் பரணிதரனுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி!”

தப்பாக வந்த தந்தியை நம்பி எழுப்பிய சிலைக்கு முன்னால் ஊரே மூச்சடக்கி நின்றது. இப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும், அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

கத்த வாயைத் திறந்தவனின் குதிகால்கள், பட்டாளத்துப் பழக்கத்தில் தாமாகவே ஒட்டிக்கொண்டன. தன் ஆத்மா சாந்தியடைய, அவனும் வாய்மூடி அட்டென்ஷனில் நின்றான்.