வெளியே போன நேரம்

அடையாள அட்டையை மேலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அது இல்லாமல் வாசல் தடுப்பு திறக்காது என்பது, கீழே வந்து இடுப்பில் இடித்துக்கொண்ட பிறகுதான் சௌந்தரவல்லிக்கு உறைத்தது. இருபத்தாறு வருட வேலையை இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பியவர்களில் ஒருவருக்குக்கூட, இவள் எப்படி வெளியே போவாள் என்று தோன்றவில்லை. காவலாளி பிச்சைமுத்து தயங்கித் தயங்கி, பார்வையாளர்கள் எழுதும் நோட்டை எடுத்தார்.

"கார்டு இல்லாதவங்க இதுல எழுதித்தான் போகணும் மேடம். தப்பா நினைக்காதீங்க."

கையிலிருந்த மணிபிளான்ட் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் பெயரை எழுதினாள். அடுத்த கட்டம், யாரைப் பார்க்க வந்தீர்கள். பேனா நின்றுவிட்டது.

"உள்ள தெரிஞ்சவங்க யார் பேரையாவது போடுங்க மேடம். அவங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் போன மாதமே அனுப்பியாயிற்று. மேலே இருக்கும் பிள்ளைகள் காலையிலிருந்து அவள் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. சற்று யோசித்து, பிச்சைமுத்து என்று எழுதினாள். அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பெயருக்கு எதிரே மெதுவாகக் கையெழுத்திட்டார். தடுப்பு திறந்தது.

"வரேன்" என்றாள், தினமும் சொல்கிற வாய்ப் பழக்கத்தில்.

அவர் நோட்டை மூடினார்.

"வெளிய போன நேரம் போடலியே?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வரேன்னுதானே சொன்னீங்க மேடம்."