முன் சீட்டுப் பிள்ளை

"மருதண்ணே, இதுக பிள்ளைகளா, புளிமூட்டையா?"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள் ஹம்சவேணி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகன் பாலமுரளி. ஒண்ணாம் வகுப்பு. முதுகில் அவனைவிடப் பெரிய பை.

மருது ஆட்டோவை ஆஃப் பண்ணாமலே பதில் சொன்னான்.

"என்னக்கா பண்ணச் சொல்றீங்க? ஸ்கூல்ல பஸ் விட மாட்டேங்குறாக. அம்புட்டுப் பிள்ளைகளும் எங்க தலையிலதான விடியுது?"

பின் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். எதிரே போட்ட பலகையில் பிள்ளைகள். அதுகள் மடியில் வேறு ரெண்டு. போதாக்குறைக்கு முன்னால், மருதுவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. தண்ணி பாட்டிலும் பையும் இரண்டு பக்கமும் வெளியே தொங்கின.

"போன வாரம் கீழவாசல்ல ஒரு ஆட்டோ சாஞ்சு, பிள்ளைக்குக் கை முறிஞ்சதை லோக்கல் கேபிள்ல காட்டுனாங்க. அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு பிள்ளையைக் குறைங்க. இல்லாட்டி இந்தத் தெருவுல எல்லாரும் வேற ஆட்டோ பாத்துக்கிடுவோம், ஆமா!"

அக்கம்பக்கத்து வாசல்களில் நின்ற அம்மாக்களும் தலையாட்டினார்கள்.

மருது பிடரியைச் சொறிந்தான். "யாரைக்கா எறக்க?"

"கடைசியா சேந்த பிள்ளையை எறக்குங்க."

"கடைசியா சேந்தது நம்ம பாலமுரளிதான்க்கா."

ஹம்சவேணிக்கு முகம் சுருங்கிப் போனது. ஸ்கூல் திறந்த புதிதில், "ஒரு ஓரமா ஒட்டிக்கிடுவாண்ணே" என்று கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிவிட்டவளே அவள்தான். அதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்க்க முடியுமா?

"என் பிள்ளை பின்னால ஒழுங்கா உக்காந்து வாரான். முன்னால ஒண்ணை ஒட்டவச்சிருக்கீங்களே, அதை எறக்குங்க. டிரைவர் சீட்டுல பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி வண்டியத் திருப்புவீங்க?"

முன் சீட்டுப் பிள்ளை மருதுவை நிமிர்ந்து பார்த்தது. மருது அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"கொஞ்ச நாள் பொறுங்கக்கா..."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். இங்க சரின்னுட்டு அடுத்த முக்குல ஏத்திக்கிடுவீங்க. மடப்புரத்துக் காளி மேல சத்தியம் பண்ணுங்க!"

அந்தக் காளி பேரைச் சொல்லிவிட்டு மீறுகிற தைரியம் இந்தப் பக்கத்தில் எவனுக்கு இருக்கிறது? மருது ஹேண்டில் பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "காளி சத்தியமா நாளையிலருந்து அந்தப் பிள்ளைய ஏத்த மாட்டேன்க்கா" என்றான்.

மறுநாள் முன் சீட் காலி. அன்றைக்குத்தான் ஹம்சவேணி நிம்மதியாகத் தூங்கினாள். அந்தப் பெண்ணுக்கு மதுரையில் வேறு ஆட்டோவா கிடைக்காது? அவரவர் பிள்ளையை அவரவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடி வெள்ளி வந்தது. பாலமுரளியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு டவுன் பஸ் பிடித்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கினால், எதிரே அந்தப் பிள்ளை. லாரிகளும் பஸ்களும் உரசிக்கொண்டு போகிற ரோட்டின் ஓரத்தில் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தது. பை இழுத்த இழுப்பில் உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முட்டியில் ரத்தம்.

"அடியாத்தி! என்னடி இது, விழுந்தியா?"

"சைக்கிள் இடிச்சிருச்சு ஆன்ட்டி. வலிக்கலை."

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஹம்சவேணி அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பின்னால் ஹாரன் சத்தம். மருதுவின் ஆட்டோ. உள்ளேயிருந்து பாலமுரளி, "அம்மா, டாட்டா!" என்று கத்தினான். மருது இவர்களைப் பார்த்துவிட்டான். வேகம்கூடக் குறைந்தது. என்ன நினைத்தானோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

"பாத்தியா அந்தக் கல்நெஞ்சக்காரனை! பச்சப்பிள்ளை ரத்தத்தோட நிக்கிது, எறங்கி என்னன்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

சத்தியம் வாங்கியது வேறு யாரோ என்கிற மாதிரி பொரிந்து தள்ளினாள்.

"உன் வீடு எங்கம்மா?"

"அனுப்பானடி."

"அங்கருந்தா நடந்து வார? உங்கம்மா கொண்டாந்து விட மாட்டாங்களா?"

"அம்மா விடிய முன்னாடியே மில்லுக்குப் போயிரும்."

"அப்பா?"

"அப்பா ஆட்டோ ஓட்டுது."

ஹம்சவேணிக்கு வந்ததே கோபம்.

"ஆட்டோவா? பெத்த பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு, ஊரார் பிள்ளையை ஏத்திக்கிட்டா திரியிறாரு? நல்லாருக்கே நியாயம்! அவரு பேரைச் சொல்லு. போய் நல்லா நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்குறேன்."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

"சொல்லக் கூடாது ஆன்ட்டி. ஆட்டோக்காரர் மகள்னு தெரிஞ்சா கான்வென்ட்டுல கேலி பண்ணுவாங்களாம். மத்த பிள்ளைக மாதிரியே நானும் மருது மாமான்னுதான் கூப்பிடணும்னு அப்பா சொல்லிருக்கு."