இன்னும் வராத பெயர்

தேவனாம்பட்டினத்துச் சுனாமி குடியிருப்பில் பொழுது இன்னும் வெளுக்கவில்லை. தபித்தாள் முக்காடு போட்டுச் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டிருக்கிறாள். அடுப்பில் உலை கொதித்து மூடி தடதடக்கிறது. சிதம்பரத்துக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவள்தான், ஆனாலும் ஜெபத்தில் அவசரம் கிடையாது. புருஷன், பிள்ளைகள், முழங்கால் வலிக்கார மாமியார் என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, சத்தமாகவே ஆண்டவரிடம் ஒப்படைக்கிறாள். அடுத்த பேரில் நாக்கு நின்றுவிடுகிறது. அது பக்கத்து வீட்டுக் கலிவரதனுடைய பேர். சுனாமிக்குப் பிறகு, இந்த ஜன்னல் வழியே தன் பேரைக் கேட்காமல் அவர் கடலுக்குப் போனதில்லை. நேற்றுக் குழாயடியில் எல்லார் முன்னாலும் அவளைக் கண்டபடி பேசியவரும் அவர்தான். வெளியே டீசல் கேனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு செருமல். தபித்தாள் கண்ணைத் திறக்காமல், அந்தப் பேரைத் தாண்டி, "இயேசுவின் நாமத்தில்..." என்று முடிக்கப் போகிறாள். "தங்கச்சி, ஆமென் சொல்லிடாத. என் பேரு இன்னும் வரல." உதட்டுக்கு வந்த சிரிப்பை அவள் கடித்துக்கொள்கிறாள். "கலிவரதன் அண்ணனயும் பத்திரமா கரை சேத்துடுங்கப்பா," என்கிறாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. "அவரு வாய மட்டும், வந்தப்புறம் நான் பாத்துக்கறேன்." அவள் சொல்வதற்கு முன்பே ஜன்னலுக்கு வெளியிலிருந்து வருகிறது, "ஆமென்."