உண்ணி சோப்பு

பஸ் ஸ்டாண்டு சுவரில் உண்ணி சோப்புக்குப் புதுசாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ‘உங்கள் நாயைச் சிரிக்க வைக்கும்!’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு நாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

தெருநாய் செவலைக்கு ஒன்றும் புரியவில்லை. போஸ்டரின் ஓரத்தை மென்றுகொண்டிருந்த ஆட்டிடம் கேட்டது. “இவன் எதுக்கு இப்படிச் சிரிக்கிறான்?”

“சோப்பு போட்டதும் உண்ணியெல்லாம் போயிடுச்சாம். அந்தச் சந்தோஷம்தான்.”

“என் மேலயும்தான் ஒரு உண்ணி கிடையாது. எனக்கு ஏன் சிரிப்பு வரல?”

ஆடு மெல்லுவதை நிறுத்தி யோசித்தது. “உனக்குத்தான் எதுவும் போகலையே.”

காலையில் நன்றாகத்தான் இருந்தது செவலை. இப்போது எதையோ பறிகொடுத்த மாதிரி சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, குப்பைமேட்டில் எந்நேரமும் சொறிந்துகொண்டு கிடக்கும் கிழட்டு நாயிடம் போய் வாலாட்டியது.

“அண்ணே, ஒரு நாலு உண்ணி இருந்தா குடுங்களேன்.”