பதினேழு அடி

கயிற்றில் கல்லைக் கட்டி, மேட்டிலிருந்து ஓடைக்குள் இறக்கினாள்.

கல் நீரைத் தொட்டதும் கயிற்றில் முடிச்சுப் போட்டாள். மேலே இழுத்து டேப்பால் அளந்தாள்.

பதினேழு அடி.

மேட்டில் மோட்டார் இருந்தது. அண்ணன் சவரிமுத்து கொடுத்தது. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் அவனுடைய கிணற்று மேட்டில் நின்று, பதினெட்டு அடி கீழே கிடந்த தண்ணீரை ஏற்றிய மோட்டார். கொடைக்கானல் மலைக்கு வந்ததும் வெறுமனே உறுமியது.

நாற்பது நாளாகப் பூண்டுப் பாத்திக்குக் குடத்தில் சுமந்துதான் தண்ணீர். பாதிப் பூண்டு மஞ்சளாகிவிட்டது.

முதல் வாரமே அண்ணனுக்குப் போன் செய்திருந்தாள்.

"கூடப் பொறந்தவகிட்டயே ஓட்ட மோட்டாரத் தள்ளி விட்டுட்டியே."

அவன் போனை வைத்துவிட்டான். பிறகு பேச்சே இல்லை.

இன்று காலைதான் மோட்டாரோடு வந்த கையேட்டைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றுதான் அதைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் இருபது அடி வரை ஏறும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஓர் அடி கழிக்க வேண்டும்.

அவர்கள் தோட்டம் ஏழாயிரம் அடி உயரத்தில்.

இருபதில் ஏழு போனால் பதின்மூன்று.

இரண்டு முறை சரிபார்த்தாள். கையேட்டைக் கணவன் ஆரோக்கியத்திடம் நீட்டினாள்.

நிதானமாகப் படித்தான்.

"அப்ப மோட்டாரு நல்ல மோட்டாருதான்."

"நாலடியாவது கீழ எறக்கணும்" என்றாள், நிமிராமல்.

ஓடைச் சரிவில் ஆறடி கீழே ஒரு பாறை. இருவருமாக மோட்டாரை அதில் இறக்கி வைத்தார்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, சுவிட்சைப் போட்டான்.

உறுமல் மாறியது.

மேலே குழாய் வாயில் முதலில் காற்று வந்தது. பிறகு தண்ணீர்.

மூன்றாவது பாத்தி நனையும்வரை நின்று பார்த்தாள். ஈரக் கையோடு போனை எடுத்து, ஸ்பீக்கரில் அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, தப்பு மோட்டார்ல இல்ல. மல ஒசரம். கீழ எறக்கி வச்சதும் தண்ணி ஏறிருச்சு. நாந்தான் பாக்காம பேசிட்டேன்."

அண்ணன் கேட்டான்.

"எத்தனயடி எறக்குன?"

"ஆறு."

"பத்தாது. சித்திரைல ஓட வத்தும். இன்னும் ரெண்டடி எறக்கணும்."

அவனே தொடர்ந்தான்.

"ஒங்க ரெண்டு பேரால அது ஆகாது."

அவள் போனைக் கணவன் பக்கம் நீட்டினாள்.

ஆரோக்கியம் போனை வாங்கிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம வாங்க மச்சான்."