வாயுவை மூடிய பிறகு

ஸ்வான்சியில் நான் பழுதுபார்க்கப் போன கேரிஸ் வீட்டு வெந்நீர்ப் பாய்லர் 27 என்ற பழுது எண்ணைக் காட்டியது. எரிவாயு நின்ற பிறகும் உள்ளே தீ தெரிகிறது என்று அதற்குப் பொருள்.

“மூணு தடவை ரீசெட் அமுக்கிட்டேண்ணே. மேல பிள்ளை தூங்குது. பயமில்லையே?”

“அமுக்கியே அதைக் கொன்னுடுவ போல. சென்சார் கோளாறும்மா.”

மீட்டரில் வாயுவை மூடினேன். மின்சாரத்தையும் துண்டித்தேன். பாய்லர் சில்லென்று இருந்தது. தீயைப் பார்க்கும் சிறு கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்தேன், போகவில்லை. உட்புறம் படிந்த ஆவி மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கியது.

‘பயன்படுத்தாதீர்’ என்ற சிவப்பு அட்டையைக் கட்டினேன்.

“பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய போ, கேரிஸ்.”

“இப்பதானே சென்சார்னீங்க?”

“போன்னா போ.”

படியேறிப் போனவள் மேலிருந்து கத்தினாள். “அண்ணே, தொட்டில்ல பிள்ளையக் காணோம்!”

கண்ணாடியின் உட்புறத்தை ஒரு சின்ன விரல் மெதுவாகத் துடைத்தது.