ஆறில் ஐந்து கோழிகள்

பண்ணைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் சரிக்கும் புது மருந்துக் கேனைத் தாவிப் பிடிக்கிறாள், சோதனை நடத்திய கால்நடை டாக்டர் அக்சிலியா. தகரக் கூரையின் துளை வழியே வெயில் ஊசியாய் இறங்குகிறது; புதுச்சத்திரம் பண்ணை முழுக்கக் கொக்கரிப்பு. “ஏனுங் அம்மணி, மருந்து குடிச்ச ஆறுல அஞ்சு பொழைச்சுது, குடிக்காத ஆறுல ஒன்னுதான். கணக்கும் பாஸுன்னீங்களே!” பண்ணைக்காரர் செங்கோடன் பதறுகிறார். “நான் மொதல்ல போட்ட கை-ஸ்கொயர் கணக்கு, கோழி நெறைய இருந்தாத்தானுங்க செல்லும். இத்தனை கம்மிக்கு ஃபிஷர் கணக்குதான் போடோணும். போட்டுப் பார்த்தேன், தேறலை. தற்செயலாக்கூடப் பொழைச்சிருக்கலாம். இதை நம்பிப் பழைய மருந்தை நிறுத்திராதீங்க.” தளும்பிய நீர் மெல்ல அடங்குகிறது. செங்கோடன் அவளையே வியந்து பார்க்கிறார். “இந்த மருந்தைக் கண்டுபுடிச்ச மகராசன் உங்களைச் சும்மா உடுவானுங்களா?” கேனின் மூடியை இறுகத் திருகுகிறாள். “மகராசன் இல்லீங்க. நான்தான்.”